வெளியேறியவரும் வெளியே நிறுத்தப்பட்டவரும்

1960 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் இரண்டு காரியங்கள் நடந்தன. கோட்டஸ்லோ என்ற இடத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதியில், உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய கலந்தாய்வில், ஏறத்தாழ 80 பேர் ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார்கள். அந்த ஆண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் சபைகள் வாய்மூடி இருக்க முடியவில்லை. டச்சுச் சீர்திருத்த சபையின் சார்பில் அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் 45 வயதான வெள்ளைக்காரப் போதகர் பேயர்ஸ் நௌடே. அதே மாதம், அதே நகரின் செயின்ட் மேரிஸ் பேராலயத்தில், ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்த 29 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் ஆங்கிலிக்கன் சபையின் திருத்தொண்டராக அருட்பொழிவு பெற்றார். அவர் டெஸ்மண்ட் டுட்டு.

டுட்டுவை உலகமே அறியும். நௌடேயைத் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தனித்தனியாகப் படிக்கும்போது தென்படாத ஒன்று தெரியவருகிறது. ஒரே வேதத்தைக் கையில் பிடித்து, இன ஒதுக்கல் என்ற ஒரே அநீதியை எதிர்த்தாலும், அந்த அநீதியால் மிதிபட்டவருக்கு அது ஒரு வேலை. அதனால் வாழ்ந்தவருக்கு அது வேறு வேலை. முதலாமவர் தன் மக்களோடு நின்று பேசலாம். இரண்டாமவர் தன் மக்களை விட்டு வெளியே வந்தால்தான் பேசவே முடியும்.

இருவர் வாழ்க்கையும் ரூடபோர்ட் என்ற தங்கச் சுரங்க ஊரைத் தொட்டுச் செல்கிறது. 1915 மே 10 அன்று அந்த ஊரில்தான் நௌடே பிறந்தார். அப்பா அங்கே போதகர். ஆங்கிலேயரை எதிர்த்து போயர் படையில் இருந்தவர். 1902இல் சமாதான ஒப்பந்தம் வந்தபோது அதை ஏற்க மாட்டேன் என்று வாக்களித்த சிலரில் ஒருவர். தளபதி கிறிஸ்டியான் பேயர்ஸின் பெயரையே மகனுக்கு வைத்தார். 1918இல், டச்சு வழிவந்த வெள்ளையர்களான ஆஃப்ரிகானர்களின் ரகசியச் சங்கமான புரூடர்பாண்ட் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களில் அவரும் இருந்தார். 1948 முதல் 1994 வரை தென்னாப்பிரிக்காவை ஆண்ட தலைவர்கள் ஒருவர் விடாமல் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். மகன் 25 வயதில் அதில் சேர்ந்தார். ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சமூகவியல் கற்பித்தவர் ஹென்ட்ரிக் வெர்வூர்ட், பின்னாளில் இன ஒதுக்கலைச் சட்டமாக வார்த்தெடுத்த அதே பிரதமர். ஒரு ஆஃப்ரிகானர் இளைஞனுக்கு இதைவிட மேலான நாற்றங்கால் கிடையாது.

டுட்டு 1931 அக்டோபர் 7 அன்று கிளர்க்ஸ்டார்ப்பில் பிறந்தார். அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். அம்மா வீட்டு வேலை செய்தவர். பிறகு ரூடபோர்ட்டில் பார்வையற்றோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலைக்குப் போனார். அங்கேதான், நீள அங்கி அணிந்த வெள்ளைக்காரக் குரு ஒருவர் நடந்து போகிற போக்கில் அவன் அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்ததைச் சிறுவன் கண்டான். சமையல்காரக் கறுப்புப் பெண்மணிக்கு ஒரு வெள்ளையர் தொப்பி தூக்குவது அவன் அதுவரை காணாத காட்சி. அந்தக் குரு டிரெவர் ஹடில்ஸ்டன். பின்னர் டுட்டு காசநோயால் ஏறத்தாழ இருபது மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தவறாமல் வந்து பார்த்தவரும் அவரே. தன் மகனுக்கே டிரெவர் என்று டுட்டு பெயர் வைத்தார்.

டுட்டுவின் பாதையில் பெரிய திருப்பம் என்று ஒன்றைத் தேடினால் அகப்படாது. மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, பணம் இல்லை. ஆசிரியரானார். கறுப்புப் பிள்ளைகளுக்கு வேலைக்காரர்களாவதற்கு வேண்டிய அளவு படிப்பு போதும் என்று 1953இல் பாண்ட்டு கல்விச் சட்டம் வந்தபோது, அந்தப் பாடத்திட்டத்துக்குத் துணைபோக மனமின்றி வேலையை விட்டார். குருத்துவம் அதற்குப் பிறகு வந்தது. லண்டனில் கிங்ஸ் கல்லூரியில் இறையியல், திரும்பி வந்து ஆலிஸ் ஊரில் கற்பித்தல், மீண்டும் வெளிநாடு. 1975இல் ஜோகன்னஸ்பர்க் பேராலயத்தின் முதல் கறுப்பினத் தலைமைக் குருவானபோது, வெள்ளையர் பகுதியில் இருந்த குருமனையில் குடியேறச் சிறப்பு அனுமதி கேட்க மாட்டேன் என்று கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவிலேயே வீடு எடுத்தார். 1976 மே மாதம் பிரதமர் ஃபோர்ஸ்டருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, மக்களின் பொறுமை அறுந்துகொண்டிருக்கிறது, ரத்தம் சிந்தப்போகிறது என்று எச்சரித்தார். பிரதமர் அதை அலட்சியப்படுத்தினார். ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

நௌடேயின் கதையோ முழுக்க முழுக்கத் திருப்பம்தான், அதுவும் மிக மெதுவான திருப்பம். இருபது ஆண்டுகள் அவர் சபையின் செல்லப்பிள்ளை. ஒவ்வொரு ஊராக மேலேறிக்கொண்டே இருந்தார். ஐம்பதுகளில் கறுப்பின மக்களுக்கான கிளைச் சபைகளில் ஊழியம் செய்த இளம் போதகர்கள் தாங்கள் கண்டதை அவரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் நம்பவில்லை, நேரில் போய்ப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளர் கொட்டடிகள், மனைவி மக்களைப் பிரித்து வைத்த ஆண்கள், கலப்புத் திருமணச் சட்டத்தால் உடைந்த குடும்பங்கள். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து, தன் சபை காட்டுகிற ஆதார வசனங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றும் தேறவில்லை. அதன் பிறகும் சில ஆண்டுகள் அவர் பேசவில்லை. பதவி, சபையாரின் அன்பு, குடும்பம், சொந்தபந்தம் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. அந்தப் பயத்தை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. என்னை அவரிடம் இழுப்பது அந்த ஆண்டுகள்தான். வீரர்களைப் பற்றி எழுதுகிறபோது அவர்கள் தயங்கிய காலத்தைச் சுருக்கிவிடுவது வழக்கம். நௌடேக்கு அப்படிச் செய்தால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே போய்விடும். அநீதியால் பலன் அடைகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாள் முழுவதும் நிற்பது அந்த இடத்தில்தானே.

கோட்டஸ்லோ கூட்டம் அவரைப் பேச வைத்தது. நிறம் காரணமாக எவரையும் எந்தச் சபையிலிருந்தும் விலக்கக் கூடாது, கலப்புத் திருமணத்தைத் தடுக்க வேதத்தில் ஆதாரம் இல்லை என்றெல்லாம் அங்கே முடிவெடுத்தார்கள். வெர்வூர்ட் கொதித்தார். டச்சுச் சீர்திருத்த சபையின் ஆட்சிமன்றங்கள் பிரதமருக்குப் பணிந்து அந்த முடிவுகளைத் தள்ளின. கையெழுத்திட்ட தோழர்கள் பலர் பின்வாங்கினார்கள். நௌடே பின்வாங்கவில்லை. ஒரு பத்திரிகையை நடத்தினார். 1963இல் எல்லா நிறத்தவரும் சேர்ந்து வேலை செய்யும் கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். புரூடர்பாண்டிலிருந்து விலகினார். சபையா, நிறுவனமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்றது சபை.

1963 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோகன்னஸ்பர்க்கின் ஆஸ்ஃபொயல்காப் சபையில் அவர் தன் முடிவைப் பிரசங்கமாகவே சொன்னார். எடுத்துக்கொண்ட பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரம். சங்கத்தார் முன் நிறுத்தப்பட்ட சீடர்கள், யாருக்குக் கீழ்ப்படிவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் இடம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அரசு அதிகாரிகளும் புரூடர்பாண்ட் சகோதரர்களும். கேட்டவர்களுக்குப் புரியாமல் இல்லை. மனைவி இல்சாவிடம் பத்தாண்டு வனாந்தர வாழ்க்கைக்குத் தயாராக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அது முப்பது ஆண்டு நீண்டது. போதகர் பட்டம் பறிபோனது, பழைய நண்பர்கள் தெருவில் முகம் திருப்பினார்கள், துரோகி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டுட்டுவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அரசு அவரைச் சாத்தானாகச் சித்திரித்தது; ஆனால் மாலையில் சொவெட்டோவுக்குத் திரும்பினால் அவரை அணைத்துக்கொள்ளத் தெரு முழுக்க மக்கள் இருந்தார்கள். நௌடே மாலையில் திரும்பியது தன்னை விலக்கிவைத்த மக்கள் நடுவே.

அரசு இருவரையும் விசாரணைக் குழுக்களின் முன் இழுத்தது. அங்கே இருவரும் நடந்துகொண்ட விதம் நேர் எதிர். 1973இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கிறிஸ்தவ நிறுவனத்தை விசாரித்தபோது, மூடிய அறைக்குள் அரசியல்வாதிகள் நடத்துவது நீதி விசாரணை ஆகாது என்று சொல்லி நௌடே சாட்சி சொல்ல மறுத்தார். அதற்காக வழக்கு, தண்டனை. அபராதம் கட்ட மறுத்து ஓர் இரவைச் சிறையில் கழித்தார், இன்னொரு போதகர் பணம் கட்டி வெளியே கொண்டுவரும் வரை. டுட்டு 1978இல் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளரானார். மன்றத்தின் வரவுசெலவைத் துருவ எலாஃப் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தபோது அவர் 1982இல் கூண்டுக்குப் போனார். கணக்கு கேட்ட குழுவுக்கு முன்னால் ஆதியாகமத்தில் தொடங்கி வேதம் முழுக்க விளக்கினார்; ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பது எங்கள் அரசியல் அல்ல, எங்கள் விசுவாசம் என்று நிறுவினார். ஒருவர் வாயை மூடிக்கொண்டு எதிர்த்தார், மற்றவர் வாயைத் திறந்து எதிர்த்தார். இருவருக்கும் உள்ள சுபாவ வேறுபாடு மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நௌடேக்கு அந்தக் குழுவில் இருந்தவர்கள் தன் சொந்த இனத்தவர்கள். மூடிய அறையில் வேண்டியவர்கள் உட்கார்ந்து தீர்மானிக்கிற பழக்கத்தை புரூடர்பாண்டில் இருபது ஆண்டு பார்த்தவர். அந்த அறைக்குள் மறுபடி போக அவர் தயாராக இல்லை. டுட்டுவின் மக்களுக்கோ எந்த அறையிலும் எப்போதும் இடம் கொடுக்கப்பட்டதில்லை. கிடைத்த கூண்டைப் பிரசங்க மேடை ஆக்கினார்.

1977 செப்டம்பரில் கறுப்பு உணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பீக்கோ போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அவரது இறுதிச் சடங்கில் டுட்டு பேசினார். பீக்கோ வேலை செய்த கறுப்பினச் சமூகத் திட்டங்கள், நௌடேயின் நிறுவனம் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தோடு சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தவை. பீக்கோவின் தலைமுறை நௌடேயிடம் எதிர்பார்த்தது தலைமை தாங்குவதை அல்ல, ஒதுங்கி நின்று வழிவிடுவதை. பெரிய இடத்துப் பிள்ளையாக வளர்ந்த ஒருவருக்கு அது எளிதான பாடம் அல்ல, அவர் கற்றுக்கொண்டார். அக்டோபர் 19 அன்று அரசு பீக்கோவின் அமைப்புகளையும் கிறிஸ்தவ நிறுவனத்தையும் ஒரே நாளில் தடைசெய்தது. நௌடே மீதும் தனிமனிதத் தடை விழுந்தது. ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசலாம். ஜோகன்னஸ்பர்க் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. அவர் சொன்ன ஒரு சொல்லைக்கூடப் பத்திரிகைகள் அச்சிடக் கூடாது. இது 1984 வரை ஏழு ஆண்டு.

இதே ஏழு ஆண்டுகளில்தான் டுட்டு உலகத்தின் குரலாக எழுந்தார். பொருளாதாரத் தடை வேண்டும் என்று வெளிநாட்டு மேடைகளில் கேட்டார், கடவுச்சீட்டைப் பறிகொடுத்தார், 1984இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். ஒருவர் பேசப் பேசக் கேட்கும் கூட்டம் பெருகியது. மற்றவருக்குக் கேட்பதற்கு ஒரே ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் மாறினார். நௌடேயின் வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராக இளைஞர்கள், குருமார், தொழிற்சங்கத்தார், தலைமறைவு இயக்கத்தவர் வந்தார்கள். ‘ஓம் பே’, அதாவது பே மாமா, என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு மோட்டார் வேலை நன்றாக வரும். பழைய கார்களை வாங்கிப் பழுது பார்த்து ஓடவைத்து, தேவைப்பட்டவர்கள் கையில் கொடுப்பார். எல்லை தாண்ட வேண்டியவர்களுக்கும் அந்தக் கார்கள் போயின. ஒரு காலத்தில் பட்டாளம் போலச் சபையார் நிறைந்த ஆலயத்தில் பிரசங்கித்த மனிதர், காரின் அடியில் படுத்துக் கையில் கிரீஸோடு செய்த ஊழியம் அது.

1985இல் இருவர் பாதையும் நேராகச் சந்தித்தன. டுட்டு ஜோகன்னஸ்பர்க் ஆயராகப் போனதும் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் நாற்காலி காலியானது. அதற்கு நௌடே வந்தார். பெரும்பாலும் கறுப்பின மக்களைக் கொண்ட சபைகள், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஆண்டில், புரூடர்பாண்டை நிறுவியவரின் மகனைத் தங்கள் சார்பில் பேச நியமித்தன. நௌடே பெற்ற பட்டங்களில் நான் முதலில் வைப்பது இந்த நம்பிக்கையைத்தான்.

அந்த ஜூலை மாதம் டுடூசா என்ற ஊரில் இளைஞர்கள் சிலரின் அடக்கத்துக்கு டுட்டு போயிருந்தார். சடங்கு முடிந்ததும் கூட்டம் ஒருவரைப் போலீஸ் உளவாளி என்று பிடித்து அடித்தது. அவரது காரைக் கவிழ்த்துத் தீ வைத்து, அவரையும் அதில் எறிய இழுத்தார்கள். குள்ளமான உருவம் கொண்ட டுட்டு, ஆயர் அங்கியோடு கூட்டத்துக்குள் புகுந்து அந்த மனிதரை மறைத்து நின்றார். வெறிகொண்டவர்கள் அவர் மக்கள்தான். இறந்த பிள்ளைகளும் அவர் மக்கள்தான். அந்த மனிதர் பிழைத்தார். சில நாள்களில் அதே ஊரில் ஒரு பெண் அதே குற்றச்சாட்டில் எரித்துக் கொல்லப்பட்டார். இது தொடர்ந்தால் நாட்டை விட்டே போய்விடுவேன் என்று டுட்டு கூட்டங்களில் வெளிப்படையாகச் சொன்னார். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவருக்கு வரும் சோதனை இது: தன் மக்களின் கோபம் நியாயமானது என்று அறிந்துகொண்டே, அதன் ஒரு வடிவத்துக்கு முன்னால் குறுக்கே நிற்பது. நௌடேக்கு இந்தச் சோதனை வரவில்லை. வந்திருந்தாலும் வெள்ளையர் ஒருவர் கறுப்பின இளைஞர்களிடம் பொறுமை போதிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

அரசியல் கட்சி என்று வரும்போது இருவரும் பிரிகிறார்கள். 1990இல் கட்சிகள் மீதான தடைகள் நீங்கியதும் டுட்டு தன் குருமார் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகக் கூடாது என்று தடுத்தார். அதே ஆண்டு மே மாதம் கேப் டவுனில் க்ரூட் ஷூர் மாளிகையில் அரசுக்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கும் முதல் பேச்சுவார்த்தை நடந்தபோது, மண்டேலாவின் குழுவில் நௌடே உட்கார்ந்திருந்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் அவர் சாதிசனம். டுட்டு செய்தது தொலைநோக்கு. புதிய ஆட்சியாளர்கள் ஊழலில் இறங்கியபோது அவர்களையும் அதே குரலில் கடிந்துகொள்ள அது அவருக்கு இடம் வைத்தது, 2013இல் இனி அந்தக் கட்சிக்கு வாக்களிக்க மாட்டேன் என்றே சொன்னார். ஆனால் நௌடேயின் நாற்காலியையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆஃப்ரிகானர் என்றால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று நூறு ஆண்டாக எழுதிவைத்திருந்ததை அவர் இருந்த இடமே பொய்யாக்கியது.

1995இல் டுட்டு உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் தலைவரானார். 21,000 பேருக்கும் மேல் தங்களுக்கு நேர்ந்ததை எழுதிக் கொடுத்தார்கள். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் பொதுமன்னிப்புக்கு விண்ணப்பித்தார்கள். அதில் 849 பேருக்கே அது கிடைத்தது. இலங்கைப் போருக்குப் பிறகு ‘தென்னாப்பிரிக்க மாதிரி’ என்ற பேச்சு அங்கே பலமுறை எழுந்தது. எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது எப்போதும் டுட்டுவின் ஆணையம்தான். அந்த ஆணையம் கூடுவதற்கு முப்பது ஆண்டு முன்னரே, ஆளும் இனத்தின் நடுக்கூடத்திலிருந்து ஒருவர் எழுந்து, இது பாவம் என்று தன் சபையார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடந்திருந்தார் என்பதை யாரும் மாதிரியில் சேர்ப்பதில்லை. மன்னிக்கத் தயாராக ஒருவர் இருந்தால் போதாது. செய்தோம் என்று சொல்ல மறுபுறத்தில் ஆள் வேண்டும்.

அப்படிச் சிலர் வந்தார்கள். திருச்சபைகள் மன்றத்தின் தலைமையகமான கோட்சோ ஹவுஸ், டுட்டுவும் நௌடேயும் அடுத்தடுத்துப் பணியாற்றிய கட்டடம், 1988 ஆகஸ்டில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அரசின் ஆட்களே வைத்தார்கள் என்பதை அன்றைய போலீஸ் அமைச்சர் ஏட்ரியான் ஃப்லொக் ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டு பொதுமன்னிப்புப் பெற்றார். 2006இல் அவரே, நௌடேக்குப் பிறகு மன்றத்தின் பொதுச் செயலாளராக வந்த ஃப்ராங்க் சிக்கானேயின் அலுவலகத்துக்குப் போய் அவர் கால்களைக் கழுவினார். ஆனால் முன்னாள் அதிபர் போத்தா ஆணையத்துக்கு வர மறுத்தார், கடைசிவரை மறுத்தார்.

டச்சுச் சீர்திருத்த சபை 1994இல் நௌடேயிடம் மன்னிப்புக் கேட்டது. 2004 செப்டம்பர் 7 அன்று அவர் இறந்தபோது அடக்க ஆராதனை நடந்தது 1963இல் அவர் விட்டுப்போன அதே ஆஸ்ஃபொயல்காப் ஆலயத்தில். சாம்பலை அலெக்சாண்ட்ரா குடியிருப்பில் தூவினார்கள். அவரும் இல்சாவும் உறுப்பினராகச் சேர்ந்திருந்த கறுப்பினச் சபை அங்கேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்ட வெள்ளையர் சபையும் கறுப்பினச் சபைகளும் ஒரே சபையாக இணைவது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

டுட்டு 2021 டிசம்பர் 26 அன்று மறையும் வரை சும்மா இருக்கவில்லை. ஆணையம் பரிந்துரைத்த இழப்பீட்டை அரசு வெட்டிக் குறைத்து ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட் கொடுத்ததை அவர் மன்னிக்கவே இல்லை. 2011இல் ஸ்டெல்லன்பாஷுக்குப் போய், இன ஒதுக்கலால் வெள்ளையர் அனைவரும் பலன் அடைந்திருக்கிறார்கள், அவர்கள் சொத்து வரி கட்ட வேண்டும் என்று கேட்டார். வெர்வூர்ட் கற்பித்து நௌடே படித்த ஊர் அது. வெள்ளையர்களில் பலர் கொந்தளித்தார்கள். நௌடே போய் ஏழு ஆண்டு ஆகியிருந்தது. அந்த வரியை எந்த அரசும் இதுவரை விதிக்கவில்லை.